நயினாதீவுக் கல்வெட்டும் நமது முதலீட்டுக் கணக்கும்

கடந்த சில வருடங்களாகப் புத்தளத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நமது வியாபாரச் சகோதரர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் காசு போடலாமா? இந்தியா பக்கத்தில்தானே இருக்கிறது!" தீவுகளுக்குக் கயிறும் தகரமும் சீமெந்தும் அனுப்பி வியாபாரம் செய்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பதிலை இவ்வாரம் எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழித் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் வாங்கும் ஒரு பொருள் தூத்துக்குடிக்குப் போய், கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் ஏறி ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் வந்து, பிறகுதான் ஊர்காவற்றுறைக்கோ நெடுந்தீவுக்கோ போகிறது. மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டு போகிற கதைதான்.

போக்குவரத்து வசதிகளும் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் ரயில் பாதை காங்கேசன்துறை வரை நீண்டது. பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவினால் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை ஆரம்பமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய சக்தி, காற்று, மின்கலம் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்தியா ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் நன்கொடை வழங்க, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்புக்கும் 61.5 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தர இந்தியா இணங்கியது.

இவ்வளவும் இருந்தும் நான் "போடுங்கள்" என்று உடனே சொல்லிவிடவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

தீவுப் பகுதி மூலையாக இருந்ததா?

இன்றைய இளைஞர்களுக்குத் தீவுப் பகுதி என்றால் பஸ் போய் நின்றுவிடுகிற கடைசி இடம். அன்றைய வியாபாரிக்கு அதுவே முதல் இடம். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறின. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணக் கடலின் சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரை போயின. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பனை மரங்கள் தென்னிந்தியாவில் வீடுகளுக்குக் கூரை மரமாயின. பாய்மரத் தோணிகள் பர்மாவிலிருந்து அரிசியும் மலையாளக் கரையிலிருந்து ஓடும் கொண்டுவந்தன. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் மரைக்காயர்களுக்கு இந்தக் கடல் சொந்த முற்றம் போல இருந்தது. கல்முனையில் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூராரின் பெயரால் கொடி ஏறுவதும், நாகூர் கந்தூரிக்கு நமது மூத்தவர்கள் பயணம் போனதும் இந்தத் தொடர்பின் மிச்சங்களே.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்த ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டிருக்கிறார். வியாபாரிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது அதன் உள்ளடக்கம். பிற நாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கரைசேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரிமையாளருக்கு. மற்றைய சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உரிமையாளருக்கு.

மன்னன் இங்கே வரிச் சலுகை எதையும் விளம்பரம் செய்யவில்லை. "எங்கள் துறை அருமையான துறை" என்று பெருமை பேசவுமில்லை. உன் கப்பல் உடைந்தாலும் உனக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்தான். யானை, குதிரை வியாபாரத்துக்கு முதல் அதிகம், ஆபத்தும் அதிகம் என்பதால் அந்த வியாபாரிக்குக் கூடுதல் பங்கு விட்டான் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். நட்டத்தை எப்படிப் பங்கிடுவது என்று கூட்டுச் சேரும்போதே பேசிக்கொள்ளச் சொல்லும் முஷாரகா முறை தெரிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். வியாபாரிக்குக் கிட்டிய தூரம் மட்டும் போதாது. என்ன நேரத்தில் போகும், என்ன தீர்வை விழும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் 400 கிலோமீற்றரும் கிட்டத்தான். தெரியாவிட்டால் 110 கிலோமீற்றரும் எட்டத்தான்.

ஓடுவதும் நிற்பதும்

இந்தியாவுடனான பயணிகள் கப்பல்களின் வரலாற்றைப் பாருங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. சென்னையில் ரயிலேறியவர் கொழும்பில் வந்து இறங்கினார். அந்த ஏற்பாடு 50 வருடங்கள் நிலைத்து நின்றதனால்தான் அதை நம்பிப் புறக்கோட்டையில் கடைகள் எழுந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு இடையே 'ஸ்கொட்டியா பிரின்ஸ்' வந்தது. அதே வருட நவம்பரில் நின்றது. 2023 ஒக்டோபரில் 'செரியபாணி' காங்கேசன்துறைக்கு வந்தது. அதே மாதத்திலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. நவம்பரில் காலநிலையால் நின்று, 2025 பெப்ரவரி 22ஆம் திகதி மீண்டும் ஓடியது. கட்டணம் உயராமல் இருக்க இந்திய அரசு வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாவுக்கு மேல் உதவி வழங்கியது.

உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தெரிவது இரண்டு விடயங்கள். முதலாவது, இவை பயணிகள் கப்பல்கள். மனிதன் பயணத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கலாம்; நண்டும் மீனும் ஒத்திவைக்கா. பயணி கையில் கொண்டுவரும் துணிப் பொதியை வைத்துப் பொட்டணி வியாபாரம் நடக்குமே தவிர, தொழிற்சாலை நடக்காது. இரண்டாவது, வருடத்தில் எந்த மாதங்கள் நிச்சயமாக ஓடும் என்பது வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடிய நிலைக்கு இன்னும் வரவில்லை.

வாடைக் காற்றில் கப்பல் நிற்பது குற்றமல்ல. தூத்துக்குடியிலிருந்து மாலைதீவுக்கு வெங்காயமும் மரக்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிப்போகும் தோணிகளைப் பாருங்கள். மோசமான காலநிலை மாதங்களில் அவையும் ஓடுவதில்லை. ஆனால் எந்த மாதங்கள் என்பது ஏற்றுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அதற்கேற்ப இருப்பு வைத்துக்கொள்கிறார்கள். துபாய் கால்வாயில் ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் சில்லறைச் சரக்கு ஏற்றும் மரக்கலங்களும் அப்படித்தான். பெரிய கொள்கலன் கப்பலுக்குக் காத்திராமல் பத்து வியாபாரிகளின் சிறு சிறு சரக்குகளை ஒன்றாக ஏற்றி, முறையான பத்திரங்களோடு போய் வருகின்றன. நமது கடலுக்குப் பொருத்தமான முன்மாதிரி இது என்பது எனது கருத்து. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். தீவுகளின் துறைகளும் சிறியவை. இதற்குச் சிறிய கலங்கள்தான் சரி.

ஒரு பை சீமெந்தின் பயணம்

வெளிநாட்டுத் தொடர்பு ஒருபுறமிருக்க, வீட்டுக்குள்ளேயே ஒரு கடல் இருக்கிறது. தீவுகளில் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைப்பாலங்கள் உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகுதான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஒரு சிறு கடல். மிதவைப் பாதை ஓடினால் ஒரு சில நிமிடங்கள். ஓடாவிட்டால் யாழ்ப்பாண நகரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

நெடுந்தீவுக்கு ஒரு பை சீமெந்து போகிற விதத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏறுகிறது. குறிகட்டுவானில் இறங்குகிறது. அங்கே படகில் ஏறுகிறது. ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் போய் நெடுந்தீவில் இறங்குகிறது. பிறகு லான்ட்மாஸ்டரில் ஏறி வீட்டு வாசலில் இறங்குகிறது. மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். ஒவ்வொன்றுக்கும் நாட்டாமைக் கூலி. இடையில் ஒரு மழை பெய்தால் பை கல்லாகிவிடும். ஒருமுறை சோளகக் காற்றில் படகுகள் ஓடாமல் எனது சீமெந்து மூன்று நாள் இறங்குதுறையில் கிடந்தது. கட்டுமானம் நடந்த வீட்டில் மேசன்மார் வேலையின்றி இருந்த கூலியையும் அந்த வீட்டுக்காரர்தான் கொடுத்தார். அவர் பணக்காரரல்ல, மீன்பிடித்துச் சேர்த்த காசில் அறை கட்டியவர்.

திரும்பி வரும் பாதையிலும் இதே கணக்குத்தான். நெடுந்தீவு நண்டும் கருவாடும் அனலைதீவு மீனும் கரைக்கு வரும்போது ஐஸ் இல்லை என்றால் விலை சொல்லும் உரிமை மீனவரிடம் இருக்காது. வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. நல்ல நீலக்கால் நண்டு கொழும்பு வழியாக வெளிநாட்டு மேசைக்குப் போகிறது. பிடித்தவருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஆகவே நாகபட்டினத்துக்குக் கப்பல் கேட்கும் முன், குறிகட்டுவானில் ஒரு மூடிய களஞ்சியமும் பாரந்தூக்கியும் குளிர் அறையும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வேன். வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்று பயணிகளுக்குப் படகுகள் வந்தன. சரக்குக்கென்று நேரசூசி போட்டு ஓடும் ஒரு படகே தீவுகளின் முதல் முதலீடாக இருக்க வேண்டும்.

மஞ்சள் சொன்ன பாடம்

முறையான வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை மஞ்சள் நமக்குக் காட்டியது. மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த 2020, 2021 காலத்தில் உள்நாட்டில் விலை பல மடங்கு ஏறியது. அதே கடல் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் மூட்டைகள் திருட்டுத்தனமாக வந்தன. இராமநாதபுரக் கரையிலும் மன்னார்க் கரையிலும் அவை பிடிபட்ட செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பீடி இலைக் கடத்தலும் இப்படித்தான். கடல் கிட்ட இருக்கும் இலாபத்தை அக்காலத்தில் அனுபவித்தவர் கள்ளக் கடத்தல்காரரே. தீர்வை கட்டி, பற்றுச்சீட்டு வைத்து, வருமான வரி செலுத்துகிற வியாபாரிக்கு அந்தக் கிட்டிய கடலினால் ஒரு சதமும் பயனில்லை.

இலங்கை - இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதன் சலுகையைப் பெற வர்த்தகத் திணைக்களத்தின் மூலச் சான்றிதழ் வேண்டும். ஊர்காவற்றுறையில் கருவாடு பதனிடுகிற ஒருவருக்கு, பனங்கட்டி செய்கிற பெண்கள் சங்கத்துக்கு, அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கக் கிட்டத்தில் ஆளில்லை. 2024 பெப்ரவரி 12ஆம் திகதியிலிருந்து இந்தியப் பயணி தனது கைத்தொலைபேசியிலிருந்தே இலங்கைக் கடையில் பணம் செலுத்த வழி வந்தது. காசு ஒரு நொடியில் கடல் தாண்டுகிறது. ஒரு மூட்டை ஒடியல் தாண்ட முடியவில்லை.

இரண்டு ஆட்சேபனைகள்

தோணி வியாபாரம் திறந்தால் இந்தியச் சரக்கு குவிந்து யாழ்ப்பாணத்து விவசாயி அழிந்துபோவான் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் பயம் பொய்யானதல்ல. சின்ன வெங்காயம் அறுவடையாகும் மாதத்தில் இந்திய வெங்காயம் வந்திறங்கினால் தோட்டக்காரன் கடனில் மூழ்குவான். அதற்கு மருந்து துறையை மூடுவதல்ல. எந்த மாதம் எந்தப் பொருளுக்கு என்ன தீர்வை என்று வருட ஆரம்பத்திலேயே அறிவித்துவிட வேண்டும். அறுவடை மாதங்களில் தீர்வை உயரட்டும், மற்ற மாதங்களில் இறங்கட்டும். ஆனால் ஒரே இரவில் மாறக்கூடாது. ஒரே இரவில் மாறும் வர்த்தமானியால் தோட்டக்காரனும் கெடுகிறான், இறக்குமதிக்காரனும் கெடுகிறான். முன்கூட்டியே செய்தி அறிந்த ஓரிருவர் மட்டும் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபனை மீனவர்களுடையது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கடலில் அடிவரை வாரிக்கொண்டு போகும்போது அவர்களோடு என்ன வியாபாரம் என்று கேட்கிறார்கள். இழுவை மடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனால் கடலில் அந்தச் சட்டம் படும் பாட்டைத் தீவு மக்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். வலை அறுந்த மீனவரிடம் போய் "இருநாட்டு வர்த்தகம்" என்று பேச எனக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே இழுவைப் படகுப் பிரச்சினையை ஒதுக்கிவைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு நாடா வெட்டுவதில் பயனில்லை. நண்டு இல்லாத கடலில் நண்டுத் தொழிற்சாலைக்கு யார் காசு போடுவது? கடல் வளம் காப்பாற்றப்பட்டால்தான் முதலீடும் காப்பாற்றப்படும்.

நாம் செய்யக்கூடியது

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நமது கடைகளும் லொறிகளும் மட்டும் போகவில்லை. தீவுகளிலிருந்து யாருடைய சங்கு, யாருடைய கருவாடு, யாருக்குக் கடன், யாருக்கு ரொக்கம் என்று மூன்று தலைமுறை சேர்த்துவைத்த அறிமுகமும் அறுந்துபோனது. நயினாதீவில் வாழ்ந்த நமது குடும்பங்களும் அந்த அறிமுகத்தின் ஒரு பகுதிதான். திரும்பி வருகிறவர் கட்டடத்தைக் கட்டிவிடலாம். இந்த அறிமுகத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, மெல்ல மெல்லத்தான் வளர்க்க வேண்டும்.

ஆகவே கேட்பவர்களுக்கு எனது பதில் இது. காணி விலை ஏறும் என்ற ஆசையில் கடற்கரைக் காணியில் காசை முடக்காதீர்கள். ஹோட்டல் கட்டுவது பிறகு பார்க்கலாம். முதலில் ஐஸ், குளிர் அறை, பொதி செய்தல், சரக்குப் படகு ஆகிய நான்கிலும் சிறிய முதல் போடுங்கள். இந்தியாவுக்கு ஒருபோதும் சரக்குக் கப்பல் ஓடாவிட்டாலும் இவற்றுக்கு யாழ்ப்பாணத்திலேயே வேலை இருக்கிறது. ஓடினால் அது மேலதிக இலாபம். ஓடப்போகிற கப்பலை மட்டும் நம்பிப் போடுகிற முதல் வியாபாரமல்ல, சூது.

தனியாகவும் போடாதீர்கள். தீவு மீனவர் சங்கங்களோடும் கூட்டுறவுச் சங்கங்களோடும் பங்கு சேருங்கள். இலாபம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை மட்டுமல்ல, நட்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது என்பதையும் முதல் நாளே தமிழில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெளியிலிருந்து வந்த முதலாளி, கூலிக்கு நிற்கும் ஊரவர் என்ற ஏற்பாடு நமது சமூகத்துக்கும் நல்லதல்ல, தீவு மக்களுக்கும் நல்லதல்ல.

வர்த்தக சங்கங்கள் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. காங்கேசன்துறையில் சிறு சரக்குகளுக்கென்று சுங்க வசதியும், பிறகு ஊர்காவற்றுறையிலும் அதன் ஒரு கிளையும். ஒரு வருடம் முழுவதற்குமான தீர்வை அட்டவணையும் கப்பல் ஓடும் மாதங்களின் அட்டவணையும். தீவுகளுக்கு இடையில் சரக்குப் படகுச் சேவை. இவற்றில் எதற்கும் கடலுக்கு மேல் பாலம் போடுவது போன்ற செலவில்லை. சொன்ன நாளில் சொன்னபடி நடக்கும் ஒழுங்குதான் வேண்டும்.

எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு மன்னன் தனக்கு முன்பின் தெரியாத வெளிநாட்டு வியாபாரிக்கு, அவனுக்கு விளங்கும் மொழியில், உன் கப்பல் உடைந்தால் உன் பங்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கு இன்றும் கல்லில் இருக்கிறது. இன்றைய வியாபாரிக்கு இன்றைய அரசாங்கம் ஒரு வருடத்துக்காவது அப்படி ஒரு வாக்கைத் தாளில் தரட்டும். அந்தத் தாள் வருகிற அன்று, தீவுப் பகுதியில் தாராளமாகக் காசு போடுங்கள் என்று இதே பகுதியில் எழுதுவேன்.